காசு வரும் வழி

‘கடல்காரன் கையில் காசு தங்காது’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி வீடு. வாழ்க்கைப்பட்டது மண்டபம் என்ற கடற்கரை ஊரில். இங்கே வந்த பிறகு எதிர்ப்பேச்சும் காதில் விழுந்தது: ‘சம்சாரி மடிக்குள் போன காசு அவனோடு சுடுகாட்டுக்குத்தான் போகும்.’ இரண்டும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். ஒரே வெயில், ஒரே உப்புக்காற்று. ஆனால் ஒருவரை ஒருவர் ஊதாரி என்றும் கஞ்சன் என்றும் சொல்லிக்கொண்டே தலைமுறைகள் போய்விட்டன.

நான் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். வீடு வீடாகப் போய் ஆர்.டி. என்கிற மாதத் தவணைச் சேமிப்புக்குப் பணம் வாங்கி, அட்டையில் பதிந்து, தபால் நிலையத்தில் கட்டுவது என் வேலை. விசைப்படகில் போகிறவர்கள், நாட்டுப்படகுக்காரர்கள், மீன் விற்கிற பெண்கள், கடல்பாசி எடுக்கிறவர்கள், துபாயிலும் சவூதியிலும் கணவர்களை வைத்திருக்கிற வேதாளை, மரைக்காயர்பட்டினத்துப் பெண்கள், மாதச் சம்பளக்காரர்கள் என்று எல்லா வாசலிலும் நிற்கிறேன். ஒரு வீட்டின் பணத்தைத் தொடர்ந்து சில வருடங்கள் பார்த்தால் அந்த வீட்டைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்ததில் முக்கியமானது இது: ஒருவர் பணத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை, அவருக்குப் பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதுதான் தீர்மானிக்கிறது. குணம் என்று நாம் பெயர் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

என் அப்பாவின் கதையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் மிளகாய், விறகைக் கரியாக்கும் கரிமூட்டம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் வாங்கிய பெரிய கண்மாய் இருந்தும், அது நிறைவது வருணன் கையில். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மிளகாய் போட்டால் மாசிக்கு மேல் பழம் பறிக்கலாம். காயவைத்து, தரம் பிரித்து, விற்று, பணம் கைக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதில் பெருமை. ஆனால் பணம் வரும் முறை மாறவில்லை. ஒரு முறை வரும், அடுத்த மாசி வரை அதிலேயே ஓட்ட வேண்டும்.

அப்படி வாழ்கிறவன் கையை மூடித்தான் வைப்பான். மிளகாய் விற்ற பணத்தை அப்பா ஒரு வாரம் கட்டுப் பிரிக்க மாட்டார். மஞ்சள் பையோடு சாமி மாடத்தில் இருக்கும். அந்த வாரத்தில் வீட்டில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. எட்டாம் நாள் உட்கார்ந்து விதைக்கு, உரக்கடன் அடைக்க, கூலிப் பாக்கிக்கு, கோயில் வரிக்கு என்று பிரிப்பார். கடைசியில் மீதி இருந்தால் எங்களுக்குத் துணி. சின்ன வயதில் எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. பன்னிரண்டு மாதத்தையும் ஒரே நாளில் பார்க்கத் தெரிந்த மனிதர் அவர் என்று இப்போது நினைக்கிறேன். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பதை அவர் வாயால் சொன்னதில்லை, கையால் சொன்னார்.

இப்போது கடலுக்கு வருவோம்.

பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. வலையால் சண்டை வந்துவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே பேசி வைத்த ஏற்பாடு அது. போன படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும். இறால், கணவாய், நண்டு, சங்காயம் என்கிற கழிவு மீன் என்று தரம் பிரித்து எடை போடுவார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிந்த பிறகு படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் ஆட்களுக்கும் பங்கு. மத்தியானத்துக்குள் கையில் காசு. ஒரு நாள் மூவாயிரம் கிடைக்கலாம், அடுத்த நாள் டீசல் காசுகூடத் தேறாமல் வெறுங்கையோடு வரலாம். இடையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் வாரக்கணக்கில் முடக்கம். எல்லைப் பக்கம் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டால் ஆட்கள் சிறையில், படகு அங்கே கரையில் கிடந்து மட்கும். 2018-ல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திய பிறகு, ஒரு சம்மாட்டியின் மொத்த முதலும் ஒரே இரவில் போய்விடலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இந்த வாழ்க்கையில் ‘மாதம்’ என்று ஒன்று கிடையாது. இன்று இருக்கிறது, நாளை தெரியாது. அப்படிப்பட்டவரிடம் போய் ‘மாதாமாதம் வருமானத்தில் இவ்வளவு ஒதுக்குங்கள்’ என்றால் அவர் எந்த மாதத்தில் எந்த வருமானத்தை ஒதுக்குவார்?

அதற்காகக் கடல்காரர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தெருவுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் ஓர் அக்கா இருக்கிறார். விற்று முடித்த பிறகு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் காசைப் பிரிப்பார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து மடியில் கொட்டுவார். நோட்டெல்லாம் ஈரம், செதில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து நீவி அடுக்குவார். பிறகு ஒரு பழைய கைக்குட்டையை விரித்து, நான்கு முனையிலும் நான்கு முடிச்சு. ஒரு முனை நாளைக்கு மீன் எடுக்க வேண்டிய முதல். இன்னொன்று தண்டல், அதாவது தினமும் கட்டுகிற கடன். மூன்றாவது அரிசிக்கும் மருந்துக்கும். நான்காவது முனையில் சில நாள் இருபது ரூபாய் இருக்கும், சில நாள் ஒன்றும் இருக்காது. அது எனக்கு, அதாவது ஆர்.டி.க்கு. ஒருநாள் பேத்திக்குக் காய்ச்சல், ஆட்டோவுக்குக் காசு போதவில்லை. முதல் முடிச்சில் ஐந்நூறுக்கு மேல் இருந்தது. அதை அவர் தொடவே இல்லை. என்னிடம் நூறு ரூபாய் கைமாற்று வாங்கிக்கொண்டு போனார். “அதில் கை வைத்தால் நாளைக்குக் கூடை காலி, தங்கச்சி. நாளை மறுநாள் அடுப்பும் காலி” என்றார்.

எல்லாக் காசும் ஒரே காசுதானே, ஏன் ஒரு முடிச்சில் பணத்தை வைத்துக்கொண்டு வெளியே கடன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். பொருளாதாரப் பாடம் அப்படித்தான் கேட்கும். மனிதர்கள் பணத்தை மனதுக்குள் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு வைக்கிறார்கள், ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் மாற்றுவதில்லை என்பதை ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். 2017-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. அவர் ‘மனக்கணக்கு’ என்று சொன்னதை எங்கள் அக்கா கைக்குட்டை முனையில் முடிந்து வைத்திருக்கிறார். அந்த முடிச்சு இல்லாவிட்டால் அவர் தொழில் என்றோ முடிந்திருக்கும்.

தண்டல் என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் நான் கேட்கிற உபதேசங்களில் பாதி அதைப் பற்றியதுதான். பத்தாயிரம் ரூபாய் என்று எழுதுவார்கள். ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாளில் கட்டி முடிக்க வேண்டும். ‘ஆயிரம்தானே, பத்து சதவீதம்தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. முழு ஒன்பதாயிரமும் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு நாள்தான். ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். ‘மூன்று வட்டி’ என்று சொல்கிற கடன், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். தண்டல் அதைவிட இரண்டு மடங்கு. அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாடு தனிச்சட்டமே கொண்டுவந்தது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் வாங்குகிறார்கள்? அறியாமையால் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் பார்த்த காரணம் வேறு. தண்டல்காரர் தினமும் தெருவுக்கு வருகிறார். காசு கையில் இருக்கிற நேரம் அவருக்குத் தெரியும். ஏலம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் நிற்பார். காகிதம் கேட்க மாட்டார், ‘வருமானச் சான்று கொண்டு வா’ என்று அலைய வைக்க மாட்டார், ஒரு நாள் மீன்பாடு இல்லாவிட்டால் மறுநாள் இரண்டு நாள் காசாக வாங்கிக்கொள்வார். கடல்காரர் வாழ்க்கை எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில் ஓடுகிற ஒரே நிதி ஏற்பாடு அதுதான். விலை மட்டும்தான் கொடூரம். நூறு நாள் தினமும் தவறாமல் நூறு ரூபாய் எடுத்து வைக்கக் கூடிய ஒருவரைச் சேமிக்கத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவருடைய கட்டுப்பாட்டின் பலன் இன்னொருவர் பையில் விழுகிறது, அவ்வளவுதான்.

முன்பணத்தின் கதையும் இதேதான். வலைக்கோ இன்ஜின் பழுதுக்கோ வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு வட்டி என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் பிடிக்கிற மீன் அவருக்கே போக வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. வட்டி மீனுக்குள் ஒளிந்திருக்கிறது.

பணமுடை இருக்கும்போது மனமே வேறாகிவிடுகிறது என்பதற்கு ஆராய்ச்சி இருக்கிறது. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் அறுவடைக்குப் பிறகு ஒரு முறையும், யோசனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் செய்த அந்த ஆய்வு 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதே மனிதர், அதே மூளை. கரும்புப் பணம் வருவதற்கு முன் நகையெல்லாம் அடகில் இருந்த நாட்களில் தடுமாறியவர், பணம் வந்த பிறகு தெளிவாக யோசித்தார். கஷ்டத்தில் இருக்கிறவர் முட்டாள்தனமாகச் செலவழிக்கிறார் என்று நாம் பேசுகிறோமே, கஷ்டமே அவர் யோசனையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஜூன் மாதம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், அதற்கு முன் இரண்டு மாதம் படகு கரையில் என்று இருக்கும் வீட்டுக்குள் நான் போகும்போது இந்த ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அந்த நாட்களில் நான் யாரிடமும் புதுக் கணக்கு தொடங்கச் சொல்வதில்லை.

வருமானம் மட்டும் மனதைச் செய்வதில்லை. ஒரே ஒரு நாளும் செய்துவிடும்.

என் கணவரின் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், தேவாலயம், வீடுகள் எல்லாம் போயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலைக்குள் போனது. அப்பத்தா இரண்டு பிள்ளைகளோடு மேட்டில் ஏறித் தப்பியவர். தகரப் பெட்டியில் வைத்திருந்த பணமும் பத்திரமும் போய்விட்டன. காதிலும் கழுத்திலும் கிடந்தது மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு சாகும் வரை அவர் பெட்டியில் எதையும் வைத்ததில்லை. வங்கி, தபால் நிலையம் இரண்டின் மீதும் நம்பிக்கை இல்லை, “தபாலாபீஸே போயிற்றே, அதற்குள் இருந்த காசு என்ன ஆகும்?” என்று கேட்பார். கணக்கு ஏடு ஓர் ஊரில் அழிந்தாலும் பணம் அழியாது என்பதை எத்தனை பேர் விளக்கினாலும் ஏறவில்லை. அவர் கண்ணால் பார்த்தது வேறு. உடம்பில் கிடப்பது மட்டும்தான் தன்னுடையது என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவு என் மாமியாருக்கு வந்தது, அவரிடமிருந்து என் நாத்தனார்களுக்கும் வந்தது. அந்த இரவைப் பார்க்காதவர்கள் கையிலும் அந்த இரவின் பழக்கம் இருக்கிறது. அப்பத்தா உயிரோடு இருந்தவரை இந்த வீட்டில் ஒரு ஆர்.டி. அட்டைகூட நுழையவில்லை.

தங்கத்தின் மீது இந்தக் கரைக்கு இருக்கும் பற்றை ஆசை என்று சொல்லிவிட முடியாததும் இதனால்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் கடைசியில் நகை அடகுக்கு ஏறும், ஆகஸ்டில் இறங்கும். அடகு வைப்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை, விற்றால்தான் வெட்கம். கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ வைத்தால் வட்டி தாங்கக் கூடியது. தெருமுனை அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு வைத்தால் ஐம்பதாயிரத்துக்கு மாதம் ஆயிரம் போகிறது. ஆனாலும் பலர் தெருமுனைக்கே போகிறார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் ஆள் இருக்கும்.

வெளிநாட்டுப் பணம் வருகிற வீடுகளின் மனம் வேறு மாதிரி. கீழக்கரைப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுப்பது வழிவழியான வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மகள் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டின் கணக்கெல்லாம் செங்கலில் தொடங்கிவிடுகிறது. தோஹாவில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு அனுப்புகிற பணம் இங்கே ஒரு மாடியாக எழும்புகிறது. எல்லாம் சுவரில் போய்விடுவதால் ஆபத்துக்குக் கையில் ரொக்கம் இருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த மகள் தன் வீட்டில் தன் தாயோடு, யாருக்கும் பயப்படாமல் இருக்கிறாளே, அதற்கு எந்தத் திட்டத்தில் வட்டி போட முடியும்? நான் அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

அங்கே எனக்குத் தெரிந்த ஒரு லாத்தா (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஆர்.டி. கட்டுகிறார், ஆனால் வட்டி ஹராம் என்பதில் உறுதியானவர். ஐந்து வருடம் முடிந்து பணம் வந்ததும் என்னை உட்காரவைத்து, தான் கட்டியது எவ்வளவு, மேலே வந்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்டார். மாதம் நூறு ரூபாய்க் கணக்கு ஒன்றுக்கு இப்போதைய 6.7 சதவீத வட்டியில், கட்டுவது 6,000, வருவது 7,136. மேலே வந்ததைத் தனியாக எடுத்து, ஏழை வீட்டு மருத்துவச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். அதை நன்மைக் கணக்கில்கூட எழுதக் கூடாது, அது தன்னுடைய பணமே இல்லை என்றார். பிறகு ஏன் சேமிக்கிறீர்கள் என்று கேட்டேன். “வீட்டில் இருந்தால் கேட்கிறவருக்கெல்லாம் கொடுத்துவிடுவேன். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று பெயர் வாங்கிய ஊர்ப் பக்கம் இது, இல்லை என்று சொல்ல நாக்கு வராது” என்றார். அவருக்கு ஆர்.டி. ஒரு பூட்டு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் நான் வசூலுக்குப் போவதில்லை. விளக்கு வைத்த பிறகும் போவதில்லை. அந்த நேரங்களில் வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூடநம்பிக்கை என்று என் மகன் சொல்வான். வாரத்தில் இரண்டு நாளும் தினமும் இரவும் பணம் வீட்டை விட்டு வெளியே போகாமல் தடுக்கிற ஒரு விதியை எங்கள் பாட்டிகள் போட்டு வைத்தார்கள். அந்த விதிக்குச் சாமியின் பெயர் இருப்பதால் குடிகாரக் கணவன்கூட அதை மீறத் தயங்குகிறான். எனக்கு அது போதும்.

குடியைச் சொல்லாமல் இந்தக் கரையின் பணத்தைப் பேசினால் அது பொய்யாகிவிடும். பங்குப் பணத்தில் நல்ல பகுதி கரையிலேயே கரைகிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் சேமிப்பு நடக்கத்தான் செய்கிறது, யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. அட்டை அம்மா வீட்டில் இருக்கும், அல்லது என் பீரோவில். முகவர்களுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: வாசலில் நின்று தொகையைச் சொல்லக் கூடாது. ‘அக்கா, இந்த மாதம் ஐந்நூறா?’ என்று உரக்கக் கேட்டுவிட்டால் அன்றோடு அந்தக் கணக்கு முடிந்தது. சில வீடுகளில் அதோடு நிற்காது, அடியும் விழும். பணத்தைப் பற்றிக் கணவனும் மனைவியும் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். பேசினால் பிடுங்கப்படும் வீட்டில் மௌனம்தான் அவளுடைய வங்கி.

பிராட் கிளான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011-ல் பணம் பற்றிய நம்பிக்கைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பணம் கெட்டது என்று ஒதுங்குவது, பணம் வந்தால் எல்லாம் தீரும் என்று நம்புவது, பணத்தை வைத்தே தன் மதிப்பை அளப்பது, எப்போதும் விழிப்பாக இருந்து சேர்ப்பது. சின்ன வயதில் வீட்டில் பார்த்ததிலிருந்து இவை உருவாகின்றன, பெரும்பாலும் நமக்கே தெரியாமல் வேலை செய்கின்றன என்பது அவர்கள் சொல்வது. அப்பத்தாவைப் பார்த்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மனிதருக்கு ஒரு வகை என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் தெருவில் ஒரே ஆள் ஒரே வருடத்தில் நான்காகவும் இருக்கிறார். தை, மாசியில் இறால் நன்றாகப் படும்போது கோயில் திருவிழாவுக்கும் அந்தோணியார் திருவிழாவுக்கும் முதல் ஆளாக நன்கொடை, மச்சினன் கல்யாணத்தில் மொய்ப் பலகையில் பெரிய தொகை. மே மாதத்தில் பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறார். ஜூன் 15 விடியலில் படகு புறப்படும்போது எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. மழைக்காலத்தில் படகு கட்டிக் கிடக்கும்போது ‘என்ன காசு, மயிர்க்காசு’ என்ற வெறுப்பு. குணம் மாறுகிறதா, பருவம் மாறுகிறதா?

மொய்யையும் ஆடம்பரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நோட்டில் பெயரோடு எழுதி வைத்து, பத்து வருடம் கழித்தும் கூடுதலாகத் திரும்பி வருகிற பணம் அது. காதுகுத்துக்கு ஐந்நூறு வைத்தவர் வீட்டில் கல்யாணம் என்றால் ஆயிரமாகத் திரும்பும். எதிர்பாராத படகுச் சேதத்தில் மொய் நோட்டைப் பார்த்துத்தான் யார் வாசலில் போய் நிற்கலாம் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

இத்தனையும் தெரிந்த எனக்குக் கோபம் வருவது நிதி விழிப்புணர்வுக் கூட்டங்களில்தான். வெளியூரிலிருந்து வந்து மேடையேறுகிறவர்கள், டீயைக் குறையுங்கள், பண்டிகைச் செலவைக் குறையுங்கள், மனதை மாற்றுங்கள் என்பார்கள். காலை இரண்டு மணிக்கு எழுந்து ஈர மணலில் நின்று மீன் எடுத்துவிட்டு வந்த பெண் அந்தப் பேச்சைக் கேட்டபடி சுவரில் சாய்ந்து தூங்குவார். ‘கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று குடல் வற்றிச் செத்ததாம் கொக்கு’ என்பது பழமொழி. நாளைக்காக இன்றைய டீயை விடு என்று சொல்கிறவர்கள், அந்த நாளை வரும் என்பதற்கு முதலில் ஓர் உத்தரவாதம் தர வேண்டும்.

உத்தரவாதம் இருக்கிற இடத்தில் இதே மக்கள் எப்படிச் சேமிக்கிறார்கள் என்று பாருங்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒரு மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசும் மாநில அரசும் தலா 1,500 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. பெண்களுக்கும் இதே போன்ற திட்டம் உண்டு. இந்தத் தொகையை எங்கள் பக்கத்தில் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்திலேயே நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். அந்தப் பணம் எந்த வீட்டுக் கடைக்குப் போகும், எந்த வீட்டுப் பள்ளிக்குப் போகும் என்று அது வருவதற்கு முன்பே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாளை வரும் என்று தெரிந்தால் திட்டம் தானாக வருகிறது.

பாம்பன் சின்னப்பாலத்துப் பாசிப் பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு, பாறைக்கடியில் மூழ்கிப் பாசி பறிக்கிறவர்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும்தான் எடுப்பது, மீன் இனப்பெருக்க மாதங்களில் கடலில் இறங்குவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி பரிசு கிடைத்தது. நாளைக்குத் தின்னக் கஞ்சி இருக்குமா என்று தெரியாத வீட்டுப் பெண்கள், கடலில் அசலைத் தொடாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு நீண்டகால யோசனை கிடையாது என்று இனி யார் என்னிடம் சொன்னாலும் அவர்களைப் பாம்பனுக்கு அனுப்புவேன்.

என் வேலையில் நான் செய்து பார்த்து, பலன் கண்ட விஷயம் ஒன்று உண்டு. ஆர்.டி.யில் ஆறு மாதத் தவணையை மொத்தமாக முன்கூட்டிக் கட்டலாம். நூறு ரூபாய்க் கணக்குக்கு அதற்குப் பத்து ரூபாய் தள்ளுபடி. பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால் நாற்பது ரூபாய். இந்த விதி எத்தனையோ வருடமாக இருக்கிறது, கடற்கரையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது தேவையில்லை. மீன்காரருக்கு அதுதான் தேவை. மீன்பாடு நன்றாக இருக்கும் பிப்ரவரியில் ஆறு மாதத்தைக் கட்டிவிட்டால் தடைக்காலம் தாண்டி ஜூலை வரை கவலை இல்லை. தடை முடிந்து இறால் படுகிற ஆகஸ்டில் அடுத்த ஆறு மாதம். வருடத்துக்கு இரண்டு முறை போய் நின்றால் போதும். அப்பா மிளகாய்ப் பணத்தைப் பிரித்ததும் இப்படித்தானே என்று முதல் முறை செய்தபோது தோன்றியது. மாதாமாதம் தவறவிட்டு மூடப்பட்ட கணக்குகள் இருந்த தெருவில் இன்று ஐந்து வருடம் ஓடி முடித்தவை இருக்கின்றன. ஆட்கள் அவர்களேதான், யாருக்கும் உபதேசம் செய்யவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். நான்கு மாதம் தவறினால் கணக்கு நின்றுவிடும், அதன்பின் இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்கலாம். ஒரு ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் ஏப்ரலில் அரசே கடலுக்குப் போகாதே என்று சொல்லிவிட்டு, மே மாதம் அட்டையில் அபராதம் என்று எழுதும்போது அதைப் பார்க்கிற பெண்ணின் முகத்தை நான் பார்க்கிறேன். ‘எனக்கு இதெல்லாம் சரிப்படாது, தங்கச்சி’ என்று அட்டையைத் திருப்பித் தருகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் தருகிறார்கள். தடைக்காலம் நடக்கும் மாவட்டங்களில் மீனவர் அடையாள அட்டை உள்ளவர்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் இந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். மண்டபம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம் முகவர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியாயிற்று. தொண்டி, தேவிப்பட்டினம், வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்தில் முகவராக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் தெருவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை எத்தனை அட்டைகள் திரும்பி வந்தன என்று குறித்து வையுங்கள். மனுவோடு அந்தக் கணக்கையும் இணைக்க வேண்டும்.